அத்தியாயம் 6: பல வீட்டுக் கோடுகள், ஒரே வகுப்பறை

பல அரசுப் பள்ளிகளின் சுற்றுச்சுவரில் இன்று வார்லி மனிதர்களைப் பார்க்கலாம். காவிப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், இரண்டு முக்கோணம் சேர்ந்த உடல், ஒரு வட்டத் தலை. வரைவது எளிது, செலவு குறைவு, ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். ஆனால் அதை வரைந்த மாணவர்களிடம் வார்லிகள் யார், எங்கே வாழ்கிறார்கள், எந்த நாளில் எதற்காக இதை வரைகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. இரண்டு முக்கோணத்தைச் சேர்த்தால் வார்லி என்ற ஒன்றைத்தான் கற்றிருப்பார்கள்.

இந்த அத்தியாயம் அந்தக் குறையைப் போக்குவதற்கானது. இதன் அடிப்படை ஒன்றுதான்: ஒரு மக்களின் கலையை அந்த மக்களோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். அந்த மக்களில் சிலர் உங்கள் வகுப்பிலேயே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஓவியம் எடுக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் பள்ளிக்கு வரும் பகுதிநேர ஆசிரியரும் செய்து முடிக்கக்கூடிய பாடங்களே இதில் உள்ளன.

1. முதலில் வகுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள், ஆம்பூரில் உருது பேசும் வீடுகள், பல மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று நம் வகுப்பறைகள் ஏற்கெனவே பல பண்பாடுகள் கூடியவைதான். பாடம்தான் இன்னும் அந்த அளவுக்கு விரியவில்லை.

முதல் பாடவேளையில் எதையும் வரையச் சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "உங்க வீட்டுல தரையில, சுவத்துல, துணியில, கையில, பாயில யாராவது ஏதாவது வரைவாங்களா? பின்னுவாங்களா? தைப்பாங்களா? யாரு அது, எப்போ செய்வாங்க?" பதில்களைக் கரும்பலகையில் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். மருதாணி, பூ கட்டுவது, கூடை முடைவது, ஒட்டுப்போட்ட போர்வை, கோலம், வண்டி மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசுவது என எல்லாம் அந்தப் பட்டியலில் இடம்பெறலாம்.

மூன்று எச்சரிக்கைகள் முக்கியம். சாதியையோ மதத்தையோ கேட்காதீர்கள். வீட்டு வேலைப்பாட்டை மட்டும் கேளுங்கள். ஒரு பிள்ளையை எழுப்பி நிற்கவைத்து, "நீ ஒடிசாதானே, உங்க ஊர்க் கலையைப் பற்றிச் சொல்லு" என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும். "உன் சொந்த ஊரை வரை" என்ற பயிற்சியை எல்லோருக்கும் கட்டாயமாக்காதீர்கள். ஊரை விட்டுப் பிரிந்து வந்த பிள்ளைக்கு அது பாரமாக இருக்கலாம். "உனக்குப் பிடித்த ஓர் இடம்" என்று கேட்டால் போதும்.

2. ஒவ்வொரு கலைக்கும் நான்கு கேள்விகள்

எந்தக் கலையை அறிமுகப்படுத்தினாலும் தூரிகையை எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லிவிடுங்கள். யார் செய்கிறார்கள்? எங்கே, எப்போது செய்கிறார்கள்? எதைக் கொண்டு செய்கிறார்கள்? எதற்காகச் செய்கிறார்கள்?

வார்லியையே எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தின் தானே, பால்கர் மாவட்டங்களில் வாழும் பழங்குடி மக்கள் வார்லிகள். திருமணத்தின்போது பெண்கள் வீட்டின் மண் சுவரில் அரிசி மாவைக் கரைத்து, நுனியை மென்று நசுக்கிய மூங்கில் குச்சியால் ஒரு சதுரத்தை வரைகிறார்கள். அதற்குள் பாலகாட் என்ற தாய்த்தெய்வம் இருக்கிறாள். சுற்றிலும் மரம், வயல், விலங்கு, தார்பா என்ற குழலை ஊதுபவரைச் சுற்றிச் சுழன்றாடும் மக்கள். 1970களில் ஜிவ்யா சோமா மஷே என்பவர் சடங்குக்கு வெளியே, தாளிலும் துணியிலும் அன்றாடம் வரையத் தொடங்கினார். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2018இல் காலமானார்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொன்ன பிறகு மாணவர்கள் வரையும் படமே மாறும். முக்கோண மனிதர்களைத் தனித்தனியாக நிறுத்திவைக்காமல் ஏதாவது ஒரு வேலையில் ஈடுபடுத்துவார்கள். பெண்கள் தொடங்கிவைத்த கலை, பெயர் தெரிந்த ஒரு மனிதரால் புதிய வழியில் திரும்பிய கலை, இன்றும் வாழும் மக்களின் கலை என்ற மூன்று செய்திகளும் அவர்களிடம் தங்கும். பழங்குடிக் கலையைப் பற்றிப் பேசும்போது "வரைந்தார்கள்" என்று முடிக்காமல் "வரைகிறார்கள்" என்று சொல்லப் பழகுங்கள்.

3. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பாங்க்ஸ் 1980களின் இறுதியில் பல்பண்பாட்டுப் பாடத்திட்டத்தை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஓவிய வகுப்புக்கு அதைப் பொருத்தினால் இப்படி வரும்.

முதல் படி: விழாநாளில் மட்டும் மற்றவர்களின் கலை வருகிறது. குடியரசு தினத்துக்கு ஒரு மாநில நடனப் படம், அதோடு சரி.

இரண்டாம் படி: பாடத்திட்டம் அப்படியே இருக்க, மதுபனி என்றோ வார்லி என்றோ ஒரு பாடம் கூடுதலாகச் சேர்கிறது.

மூன்றாம் படி: பார்க்கும் இடமே மாறுகிறது. தரையில் ஒரு பெண் வரைவதையும் அருங்காட்சியகச் சிற்பத்தையும் ஒரே மதிப்போடு வைத்துப் படிக்கிறோம். அந்த மக்கள் தம் கலையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறோம்.

நான்காம் படி: மாணவர்கள் தாங்களே முடிவெடுத்துச் செயல்படுகிறார்கள். பள்ளிச் சுவரில் யாருடைய கலை இடம்பெற வேண்டும், யாரை அழைத்துக் கற்க வேண்டும் என்று அவர்கள் பேசித் தீர்மானிக்கிறார்கள்.

நம்மில் பலர் இரண்டாம் படியில் நிற்கிறோம். கீழே உள்ள பாடங்கள் மூன்றாம் படிக்கு அழைத்துச் செல்லும். நான்காம் படிக்கான வழி அத்தியாயத்தின் இறுதியில் இருக்கிறது.

4. முதல் பாடம்: அரிசிமாவுக் கோடுகள் (மூன்று பாடவேளை)

மார்கழியில் நம் வாசல்களில் கோலம் பெரிதாகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், மார்கசிர மாத வியாழக்கிழமைகளில், ஒடிசா வீடுகளில் லட்சுமியை வரவேற்க அரிசி மாவைக் கரைத்து ஜோட்டி வரைகிறார்கள். பீகாரின் மிதிலைப் பகுதியில் இதற்கு அரிபன் என்று பெயர்; வங்காளத்தில் ஆல்பனா. பொருள் ஒன்றே என்றாலும் கை வேறு.

முதல் பாடவேளை: நான்கின் படங்களையும் சுவரில் ஒட்டுங்கள். வேறுபாடுகளை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். நம் கோலப்பொடி உலர்ந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உதிர்ந்து கோடாகிறது. ஜோட்டியும் அரிபனும் ஈரமாவில் விரல் தோய்த்து வரைபவை. நம் மாக்கோலமும் அப்படித்தான். புள்ளி வைத்து அதைச் சுற்றி வளைப்பது சிக்குக் கோலத்தின் இலக்கணம். ஜோட்டியில் நெற்கதிரும் லட்சுமியின் பாதச் சுவடும் வருகின்றன. இந்த ஒப்பீட்டை மாணவர்களைக் கொண்டே ஒரு அட்டவணையாக எழுதவையுங்கள்.

இரண்டாம் பாடவேளை: வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து வராந்தாவிலோ மைதானத்திலோ வரையவிடுங்கள். உலர்மாவுக்குச் சிலர், ஈரமாவுக்குச் சிலர். பிறகு இடம் மாற வேண்டும். ஆண் பிள்ளைகளும் கட்டாயம் வரைய வேண்டும். வீட்டில் பெண்கள் மட்டும் செய்யும் வேலையில் எவ்வளவு திறமை இருக்கிறது என்பதை அவர்கள் விரலால் உணர்வதே இந்தப் பாடத்தின் பாதி.

மூன்றாம் பாடவேளை: கணக்கு ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலத்தின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டோடு இணைத்து ஆராய்ந்தார்கள். உலகெங்கும் கணினி அறிவியலாளர்கள் அதைப் படித்தார்கள். பாட்டி போடும் கோலத்துக்குள் ஒரு விதி இருக்கிறது என்பதை மாணவர்கள் 3, 5, 7 புள்ளிகளில் ஒரே வடிவத்தை வளர்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எல்லா வீடுகளிலும் கோலம் போடும் வழக்கம் இல்லை. ஒரு பிள்ளை தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். வேறு கோடுகளையும் முன்கூட்டியே தயாராக வையுங்கள். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாயில் அழகான கரை வடிவங்கள் உண்டு. மணமக்களின் பெயரையே பாயில் நெய்துதருகிறார்கள். கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் தமிழகக் கோயில்களின் தூண் மரபில் எழுந்தது. அதில் உருவங்களுக்குப் பதில் பூக்களும் வடிவியல் கோலங்களும் கல்லில் இருக்கின்றன. மருதாணி வடிவங்களும் இந்தப் பாடத்துக்கு அப்படியே பொருந்தும். இவற்றை ஒதுக்குப்புறமாக ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல், வகுப்பு முழுவதும் செய்யும் தெரிவுகளில் ஒன்றாகவே வையுங்கள்.

5. இரண்டாம் பாடம்: மண்ணும் சுவரும் (இரண்டு பாடவேளை)

ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியில் இரண்டு சுவரோவிய மரபுகள் உள்ளன. கோவர் திருமணத்துக்கானது. சோராய் அறுவடையும் மாட்டுத் திருநாளும் சேர்ந்த காலத்துக்கானது. தீபாவளியை ஒட்டி, மாடுகளைக் குளிப்பாட்டி வணங்கும் நாட்களில் சுவர்கள் புதுப்பிக்கப்படுகின்றன. மாட்டுப் பொங்கலைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டையும் செய்பவர்கள் பெண்கள். 2020இல் சோராய் கோவர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோவரின் செய்முறை வகுப்புக்கு ஏற்றது. சுவரில் முதலில் கரிய மண்ணைப் பூசிக் காயவிடுவார்கள். அதன் மேல் வெள்ளை மண்ணைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே விரலாலும் உடைந்த சீப்பாலும் கீறுவார்கள். கீறிய இடத்தில் அடியிலிருக்கும் கறுப்பு வெளிப்பட்டு உருவமாகிறது.

தேவையானவை: கெட்டி அட்டை, அடுப்புக்கரித் தூள், சாக்பீஸ் தூள், மைதாப் பசை, உடைந்த சீப்புத் துண்டுகள். கரித்தூளைப் பசையில் கலந்து அட்டையில் பூசி முதல் பாடவேளையில் காயவிடுங்கள். அடுத்த பாடவேளையில் சாக்பீஸ் தூள் கலந்த பசையை அதன் மேல் பூசி உடனே கீறச் சொல்லுங்கள். அட்டை முழுவதும் ஒரே நேரத்தில் பூசினால் கீறுவதற்குள் காய்ந்துவிடும். கைப்பிடி அகலத்துக்குப் பூசிக் கீறிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகட்டும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கையையும் கண்ணையும் புண்ணாக்கும். கோவரின் மயிலையும் யானையையும் பார்த்து வரைய வேண்டியதில்லை. தங்கள் தெருவில் நடமாடும் உயிர்களையே வரையலாம்.

இந்தப் பாடத்தை இன்னும் தொலைவுக்கும் கொண்டுபோகலாம். தென்னாப்பிரிக்காவின் இண்டெபெலே பெண்களும் வீட்டுச் சுவரில்தான் வரைகிறார்கள். 1935இல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு பத்து வயதில் தாயிடமும் பாட்டியிடமும் சுவர் வரையக் கற்றார். 1991இல் ஒரு பிஎம்டபிள்யூ காரின் மேல் அதே வடிவங்களைத் தீட்டினார். இன்றும் கோழி இறகுத் தூரிகையைப் பயன்படுத்துபவர். ஹசாரிபாக், மிதிலை (மதுபனி), இண்டெபெலே சுவரோவியங்கள் மூன்றையும் அருகருகே வைத்து, "வீட்டுச் சுவர் யாருடைய தாள்?" என்று கேளுங்கள். நல்ல விவாதம் எழும்.

6. மூன்றாம் பாடம்: எண்ணித் தைப்பது (இரண்டு பாடவேளை)

நீலகிரித் தோடர் பெண்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆணும் பெண்ணும் உடுத்தும் பூத்துக்குளி என்ற போர்வையில் இது இடம்பெறுகிறது. துணியில் முன்கூட்டியே எதையும் வரைந்துகொள்வதில்லை, சட்டமும் கட்டுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். எருமைக் கொம்பு அதில் வரும் வடிவங்களில் ஒன்று. எருமை தோடர் வாழ்வின் மையம் என்பதால் அது வெறும் அலங்காரம் அல்ல என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கட்டத்தாளில் சிவப்பு, கறுப்பு இரண்டே நிறப் பென்சில்களால் வேலை செய்யவையுங்கள். விதி: அழிப்பான் கிடையாது, கட்டங்களை எண்ணி நிரப்ப வேண்டும், இடப்பக்கம் செய்ததை வலப்பக்கம் சரியாகத் திருப்பிச் செய்ய வேண்டும். தோடர்களின் வடிவங்களை நகலெடுக்க வேண்டாம். அவரவர் வாழ்வில் முக்கியமான ஒன்றைக் கட்டங்களுக்குள் கொண்டுவரட்டும்: படகு, தறி நாடா, பனைமரம், சைக்கிள். முடிந்த வடிவங்களில் சிலவற்றைச் சாக்குத் துணியில் ஊசி நூலால் தைத்தும் பார்க்கலாம். இழை எண்ணித் தைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

நீலகிரிப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைத் தோடர் பெண் ஒருவரை அழைத்தே நடத்துங்கள். அவர் வரும் நாளில் ஆசிரியரும் மாணவர்களோடு உட்கார்ந்து கற்க வேண்டும். அவருடைய நேரத்துக்குக் கூலி தருவதையும் மறக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நினைவுப் பரிசோடு அனுப்பிவிடுவது மரியாதை ஆகாது.

7. நான்காம் பாடம்: அவர் கண்ணால் நம் ஊர் (இரண்டு பாடவேளை)

நகலெடுக்காமல் ஒரு மரபிலிருந்து எப்படிக் கற்பது? இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பஜ்ஜு ஷ்யாம். மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த கோண்ட் ஓவியர். ஒரு உணவகத்தின் சுவர்களில் வரைவதற்காக லண்டன் சென்றவர், அந்த நகரத்தைக் கோண்ட் மனதோடு பார்த்து வரைந்தார். நேரம் சொல்லும் பிக் பென் கடிகாரக் கோபுரம் அவருக்குச் சேவலாகத் தெரிந்தது, ஏனென்றால் அவருடைய ஊரில் நேரம் சொல்வது சேவல். பேருந்து விசுவாசமான நாயாயிற்று. சுரங்க ரயில் மண்புழுவாயிற்று. சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்ற நூலாக வெளியிட்டது. 2018இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார்.

பழங்குடிகளின் நாட்டுக்குப் போய் அவர்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இங்கே ஒரு பழங்குடிக் கலைஞர் லண்டனுக்குப் போய் அந்த மக்களைப் பற்றிச் சொல்கிறார். பார்க்கும் இடம் மாறுவது என்று மூன்றாம் படியில் சொன்னது இதைத்தான்.

பயிற்சி: ஊரில் உள்ள ஐந்து பொருட்களைப் பட்டியலிடுங்கள். தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், ரேஷன் கடை, டவுன் பஸ், மில் சங்கு என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் செய்யும் வேலையை வேறு எந்த உயிர் செய்கிறது என்று யோசிக்கவையுங்கள். பிறகு பொருளையும் உயிரையும் ஒரே உருவமாக வரையட்டும். கோண்ட் ஓவியத்தின் நுண்புள்ளிகளையும் கோடுகளையும் போட்டு நிரப்பத் தேவையில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் இந்தப் பாடத்தில் பெரும்பாலும் முன்னால் நிற்பார்கள், ஏனென்றால் நம் ஊரைப் புதிதாகப் பார்க்கும் கண் அவர்களிடம் இருக்கிறது. தமிழ் இன்னும் வராத பிள்ளை தன் படத்தைத் தாய்மொழியில் விளக்கட்டும். தெரிந்த வேறொரு பிள்ளை தமிழில் சொல்லட்டும்.

8. கவனம் தேவைப்படும் இடங்கள்

• வழிபாட்டுக்குரிய உருவங்களை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். திருமணச் சடங்கில் தெய்வம் அமரும் சதுரத்தை உண்டியல் பெட்டிக்கு அலங்காரமாக வரையச் சொல்வது முறையல்ல. அந்த மரபின் மரம், விலங்கு, அன்றாட வாழ்க்கைக் காட்சிகள் பயிற்சிக்குப் போதும்.

• உருவம் வரைவதை விரும்பாத குடும்பங்கள் உண்டு. வடிவியல், எழுத்து, தாவர வடிவம் ஆகியவற்றை எப்போதும் சமமான தெரிவாக வையுங்கள்.

• படைத்தவர் பெயர் தெரிந்தால் படத்தின் கீழே எழுதுங்கள். மிதிலை ஓவியம் என்றதும் ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி ஆகிய பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூவரும் பத்மஸ்ரீ பெற்றவர்கள். 1960களின் வறட்சிக் காலத்தில் பெண்கள் வருமானத்துக்காகச் சுவரிலிருந்து தாளுக்கு மாறியதால்தான் அந்த ஓவியம் நம்மிடம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

• "நம் கலை, அவர்கள் கலை" என்று பிரிக்காதீர்கள். தஞ்சாவூர் ஓவியம் மராத்திய மன்னர்கள் ஆட்சியில் செழித்தது. அதில் தெலுங்கு, மராத்தியக் கைகள் உண்டு. நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்தால், சோழநாட்டு வார்ப்புக் கலையும் கடல் கடந்த உறவும் ஒன்றாக நிற்பது தெரியும்.

• குயவர், கொல்லர், பறையிசைக் கலைஞர் ஆகியோரின் கலையைப் போற்றிவிட்டு அவர்கள்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவைப் பற்றிப் பேசாமல் நகராதீர்கள். 8ஆம் வகுப்பு மாணவர்களால் அதைப் புரிந்துகொள்ள முடியும்.

9. மதிப்பீடு

மூலத்தைப் போலவே வரைந்திருக்கிறார்களா என்று பார்த்தால் இவ்வளவு நேரம் செய்த வேலை வீணாகும். 20 மதிப்பெண்ணை நான்காகப் பிரியுங்கள். நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல முடிகிறதா என்பதற்கு 5. பொருளையும் செய்முறையையும் கையாண்ட விதத்துக்கு 5. தானே எடுத்த முடிவு படத்தில் தெரிகிறதா என்பதற்கு 5. மற்றவர் படத்தைப் பற்றி மரியாதையோடு, காரணம் காட்டிப் பேசியதற்கு 5. கோடு கோணலாக வந்த பிள்ளையும் இதில் முழு மதிப்பெண் பெற முடியும்.

10. நான்காம் படி: சுவரை மாணவர்களிடம் கொடுங்கள்

நான்கு பாடங்களும் முடிந்த பிறகு பள்ளிச் சுவரில் ஒரு பகுதியைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கலைத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்கள் இதற்கு ஏற்றவை. என்ன வரையலாம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். முதல் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிய பட்டியலை மீண்டும் எழுதி, இதில் யாருடைய வேலைப்பாடு இதுவரை சுவரில் இடம்பெறவில்லை என்று கேளுங்கள். மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அந்த வீட்டிலிருந்து அம்மாவோ பாட்டியோ தாத்தாவோ ஒரு நாள் வந்து கற்றுத்தர முடியுமா என்று அவர்களே போய்க் கேட்கட்டும். வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அவர்களுக்கு வசதியான நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்ததும் அருகில் நான்கு வரிகள் எழுதவையுங்கள்: யார், எங்கே, எதைக் கொண்டு, எதற்காக. கற்றுத்தந்தவரின் பெயரை, அவர் சம்மதித்தால், முதல் வரியில் எழுதுங்கள். தமிழிலும் அவருடைய மொழியிலும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு 6ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சுவரிலிருந்தே முதல் பாடத்தைத் தொடங்கலாம்.